பிள்ளைக்காக ஆண்டவள்

அத்தானை யானை அடித்துக் கொன்ற செய்தி வந்தபோது அக்கா கோயில் விளக்குகளுக்குப் பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். தம்பலகாமத்தில் வயல் பார்த்துவிட்டு, இருட்டுமுன் வீடு வந்துவிட வேண்டுமென்று அவர் குளக்கட்டுப் பாதையால் மோட்டார் சைக்கிளைத் திருப்பியிருக்கிறார். எதிரே வந்த உழவு மெசின்காரர் யானை நிற்கிறது என்று கையைக் காட்டித் தடுத்தும் கேட்கவில்லையாம். செய்தியைக் கொண்டுவந்தவர் அத்தானின் தம்பி. அவர் வாசலில் நின்று சொல்லச் சொல்ல அக்கா விளக்கைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். சொல்லி முடித்ததும் எழுந்து கையைக் கழுவினாள்.

"மகன் எங்க?" என்று கேட்டாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

மகனுக்கு அப்போது ஆறு வயது. நான் அக்காவைவிட மிகவும் இளையவள். மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டு அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எங்களைப் பெற்றவர்கள் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். குச்சவெளியிலிருந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஆகையால் அக்கா வீட்டில் நடந்தவை எல்லாம் என் கண்முன்னே நடந்தவை. பிறர் சொல்லிக் கேட்டது கொஞ்சம்தான்.

அத்தான் எங்கள் கரைக் கோயிலின் வண்ணக்கர். கோயிலைப் பரம்பரையாகப் பொறுப்பெடுத்து நடத்துகிறவரைக் கிழக்கில் அப்படித்தான் சொல்வோம். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பக்கத்தில், எதிர்க்கரை மேட்டில் எண்ணெய்க் குதங்களின் பெரிய தாங்கிகள் தெரிய, பூவரச மரங்களுக்கு நடுவே இருக்கிற சிறிய கோயில் அது. உள்ளே இருப்பது அம்மன். ஆனால் ஊரில் எவரும் அதை அம்மன் கோயில் என்பதில்லை. ராணி கோயில் என்பார்கள்.

அந்த ராணியின் கதை பாட்டாக இருக்கிறது. திருவிழாக் காலத்தில் மாலைப் பூசை முடிந்ததும் பூசகர் உடுக்கை எடுத்துக்கொண்டு இருந்து பாடுவார். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் அவள் பிறக்கிறாள். இந்தப் பெண் வளர்ந்தால் நாடு அழியும் என்று சோதிடர் சொல்லிவிட, தகப்பன் அவளை ஒரு பேழைக்குள் வைத்துக் கடலில் விடுகிறான். பேழை எங்கள் கரையில் ஒதுங்குகிறது. பிள்ளையில்லாத அரசன் ஒருவன் அவளை எடுத்து வளர்க்கிறான். கோயில் திருப்பணி செய்யவென்று கப்பலில் வந்திறங்கிய அரசகுமாரனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து, நாட்டையும் அவன் கையில் கொடுக்கிறான். மருமகன் குளம் கட்டுகிறான். ஒரு மாரியில் கட்டு உடைந்தபோது, அதை அடைக்கப் போன அவன் வெள்ளத்தோடு போகிறான். ராணியின் கையில் சின்னப் பிள்ளை. மந்திரிமார் கூடி, செத்துப்போன அரசனின் தம்பிக்கு முடிசூட்ட நினைக்கிறார்கள். அவளோ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிம்மாசனத்தில் ஏறி இருந்துவிடுகிறாள். பிள்ளை வளருமட்டும் ஆண்டாள், வளர்ந்ததும் தன் கையாலேயே முடியை வைத்தாள் என்று பாட்டு முடியும். அவள் ஆண்ட காலத்தில்தான் அத்தானின் முன்னோருக்கு இந்தக் கோயில் உரிமையைக் கொடுத்தாளாம்.

அவளுக்குப் பெற்ற தகப்பன், வளர்த்த தகப்பன், புருசன், மகன் எல்லாரும் அந்தப் பாட்டில் வருவார்கள். பெற்ற தாய் மட்டும் ஓரிடத்திலும் வரமாட்டாள். பேழையின் மூடியைப் போட்டபோது அந்தத் தாய் எங்கே நின்றாள் என்று பூசகரை ஒருமுறை கேட்டேன். பாட்டில் இல்லாததைத் தான் எப்படிச் சொல்வது என்று அவர் சிரித்தார்.

கோயிலில் ஒரு பேழை இருக்கிறது. பலா மரத்தில் செய்தது. அதற்குள் ராணியின் வெள்ளி முகம். திருவிழாவின் கடைசிக் காலை வண்ணக்கர் அதைத் தலையில் சுமந்து, நெஞ்சளவு தண்ணீர் வரும்வரை கடலுக்குள் நடந்து, முங்கி எழுந்து வரவேண்டும். எங்கள் கரை பார்ப்பதற்குக் குளம்போலத்தான் கிடக்கும். ஆனால் நெஞ்சளவுக்கு அங்கால் ஓரடி எடுத்துவைத்தால் நிலம் இல்லை. பெரிய கப்பல்கள் எல்லாம் கரைக்கு அவ்வளவு கிட்டவந்து நிற்பது அந்த ஆழத்தினால்தான். வெளியூரிலிருந்து குளிக்க வருபவர்கள் அங்கே மூழ்கிச் செத்திருக்கிறார்கள். அத்தான் அந்த விளிம்பை உள்ளங்காலால் தேடிப் பிடித்து நிற்பார். அவருடைய தகப்பன் பழக்கியதாம்.

அத்தானின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கிழமை கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. அத்தானின் தம்பியை நாங்கள் எல்லாரும் சித்தப்பா என்றே சொல்வோம். மகன் கூப்பிடுவதை வைத்து வந்த பழக்கம். அவருக்கு மூன்று படகுகள் இருந்தன. பேச்சுக் குறைந்த மனிதர். கலியாணம் முடிக்கவில்லை. பிள்ளை வளருமட்டும் கோயிலைத் தான் பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னார். அதில் தவறென்று எவருக்கும் படவில்லை, எனக்கும்தான். பெரியவர்கள் தலையாட்டி முடிக்குமுன் அக்கா வெள்ளைச் சேலையோடு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். அத்தான் வழக்கமாக இருக்கும் வாங்குப் பலகையில் அமர்ந்து, மகனை மடியில் தூக்கி வைத்தாள். கால்கள் நிலத்தில் முட்டுமளவுக்கு அவன் வளர்ந்திருந்தான். மடி அவனுக்குப் போதவில்லை.

அக்கா வேறெவரையும் பார்க்காமல் பூசகரிடம் கேட்டாள். "ஐயா, பிள்ளை சின்னன், அரசன்ர தம்பி ஆளட்டும் எண்டு ராணி எழும்பிப் போனவவோ? நீங்கள் பாடுற பாட்டில அப்பிடி இருக்கோ?"

பூசகர் தலையை அசைத்தார். "இல்லைப் பிள்ளை. அப்பிடி இல்லை" என்றார்.

புருசனை இழந்தவள் கோயில் பொறுப்பில் இருக்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். ராணியும் அப்படித்தானே இருந்தாள் என்றாள் அக்கா. சித்தப்பா எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். "அண்ணி பாக்கட்டும்" என்றுவிட்டுப் போனார்.

அந்த வருடத் திருவிழாவுக்கு அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். பேழையைப் பற்றித்தான் கேள்வி. வண்ணக்கர் உரிமை உள்ளவன் ஆறு வயதுப் பிள்ளை. அக்கா தண்ணீரில் இறங்க ஊர் விடாது. கடைசியில் பேழையைச் சித்தப்பா ஒருபக்கமும் பூசகர் மறுபக்கமும் பிடிக்க, நடுவில் மகன் அதன் கீழே தலையைக் கொடுத்து நடப்பதென்று முடிவானது.

காலை வெயில் ஏறவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. மகனுக்குக் கழுத்துவரை தண்ணீர் வந்ததும் சித்தப்பா அவனை ஒரு கையால் இடுப்பில் தூக்கிக்கொண்டார். அப்போது துறைமுகத்திலிருந்து இழுவைப் படகொன்று வெளியே போனது. அதை எல்லாரும் கண்டோம். அது எழுப்பிய அலையை எவரும் நினைக்கவில்லை. அலை ஓசையில்லாமல் வந்து மூன்று பேரையும் சாய்த்தது. பேழை மிதந்தது. பூசகர் அதைப் பிடித்துக்கொண்டு இருமினார். மகனும் சித்தப்பாவும் விளிம்புக்கு அங்கால் போய்விட்டார்கள்.

நான் கரையில் பெண்களோடு நின்றேன். தண்ணீருக்கு மேலே முதலில் வந்தது மகனின் தலை. அவனுக்குக் கீழே சித்தப்பா இருந்தார், இரண்டு கையாலும் அவனை மேலே தள்ளியபடி. அவருடைய தலை வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் கண்டது அதுதான்.

மணலில் கிடத்தியதும் மகன் தண்ணீராகக் கக்கினான். அக்கா அவனை வாரி எடுத்துச் சேலைத் தலைப்பால் மூடினாள். சித்தப்பா குனிந்து அவன் காலைத் தொடப் போனார். அக்கா ஓரடி பின்னால் போய், எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"தம்பி, என்ர பிள்ளையை ஏன் தண்ணிக்குள்ள அமத்தினீங்கள்?"

சித்தப்பாவின் உடம்பிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "அண்ணி, நான் தூக்கினனான்" என்றார். அவர் இன்னொரு முறை அதைச் சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்கும் என்று பிறகு பலர் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை.

அன்று பகலே அக்காவிடம் நான் கண்டதைச் சொன்னேன். மகனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமல், "நீ கரையில நிண்டனீ" என்றாள். அவளும் கரையில்தானே நின்றாள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவள் நிமிராமலே துவட்டிய விதத்தைப் பார்த்தபோது வேண்டாமென்று பட்டது.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. சித்தப்பா எங்கள் வாசல் படலையைத் தாண்டுவதில்லை. அவர் மகனுக்கு வாங்கி அனுப்பிய சைக்கிள் அன்றே திரும்பிப் போனது. கோயிலில் யார் எதைக் கொடுத்தாலும் மகன் வாயில் வைக்கக்கூடாது. அக்கா கொடுத்தால் மட்டும் உண்ணலாம். பள்ளிக்கூடத்துக்கு அவளே கொண்டுபோய் விட்டு, அவளே கூட்டிவருவாள். கடல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பிள்ளை கணுக்காலுக்கு மேலே அதில் நனைந்ததில்லை. எங்கள் கரையில் நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இறங்குதுறைப் பாலத்திலிருந்து குதிப்பதை இவன் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்ப்பான்.

திருவிழாவிலும் அக்கா ஒரு மாற்றம் செய்தாள். பேழை இனி ஆழத்துக்குப் போகத் தேவையில்லை, அலை வந்து கால் நனைத்தால் போதும் என்றாள். பூசகர் மறுத்துப் பார்த்தார். பிள்ளையை இன்னொருமுறை சாகக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று அவள் கேட்டபோது அடங்கிவிட்டார்.

அவள் மோசமாக நடத்தினாள் என்று எவரும் சொல்ல முடியாது. கோயிலுக்குச் சுற்றுமதில் கட்டினாள். தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தாள். கரைவலைக்காரர் இரண்டு பகுதி அடிபட்டுக்கொண்டபோது மண்டபத்தில் கதிரை போட்டு இருந்து, இருபகுதியையும் கேட்டு, எவரும் குறை சொல்லாதபடி தீர்த்துவைத்தாள். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வருகிற அதிகாரிகள்கூட அவள் முன் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள். ஊருக்கு அவள்மேல் மரியாதை இருந்தது, பயமும் இருந்தது. இவ்வளவுக்கும் பக்கத்தில் மகன் இருப்பான். யாராவது அவனிடம் எதையாவது கேட்டால், எத்தனையாம் வகுப்பு என்று கேட்டால்கூட, முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். பன்னிரண்டு வயதிலும் அப்படி, பதினாறு வயதிலும் அப்படி. எனக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பில் அப்படிப் பார்க்கிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் ஒருநாள் திடீரென்று மேசையைப் புரட்டிவிட்டு எழுந்து போவார்கள்.

மகனுக்குப் பதினேழு நடந்தபோது, மூதூரில் என்னோடு படிப்பித்த ஒரு முஸ்லிம் ரீச்சரிடம் திருவிழாவுக்கு லீவு எடுப்பதைப் பற்றிச் சொன்னேன். எந்தக் கோயில் என்று கேட்டார். ராணியின் கதையைச் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடியே, "இது எங்களுக்கும் தெரியுமே" என்றார். "எங்கட உம்மா வாயில சோறு தீத்தக்குள்ள சொல்லுற கதை. ஆனா முடிவு இப்பிடியில்ல."

பிறகு எப்படி என்று கேட்டேன்.

"மகன் பெரிசாகித் தாடியும் வந்திட்டு. உம்மாக்காரி இந்த வருசம், அடுத்த வருசம் எண்டு முடியக் குடுக்கல்ல. ஒருநாள் விடியப் பாத்தா மகனையும் காணல்ல, அவ வந்த பெட்டியையும் காணல்ல. அதுக்குள்ள ஏறிக் கடலால போயிட்டான்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குள்ள நாங்க சோத்த முடிச்சிடுவம் ரீச்சர்" என்று அவர் சிரித்தார்.

கிண்ணியாப் பாலத்தால் பஸ் வந்துகொண்டிருந்தபோதும் அந்தக் கதைதான் மனதில் நின்றது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு குடாதான் இருக்கிறது. இந்தக் கரையில் முடி சூட்டியவள் அந்தக் கரையில் சூட்டவில்லை. அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போனேன். அவள் கோயிலுக்குப் பொங்கலுக்காகப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். கதையைச் சொன்னேன். அடுத்த வருடம் அவனுக்குப் பதினெட்டு, பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

"அவனுக்கு நீந்தத் தெரியாது" என்றாள்.

நீங்கள் விட்டால்தானே அவன் பழகுவான் என்றேன். அன்று சித்தப்பா தூக்கியவர், அமத்தவில்லை, நான் கண்ணால் கண்டேன் என்று அத்தனை வருடங்களுக்குப் பிறகு திரும்பவும் சொன்னேன்.

அக்கா அடுப்பைத் தணித்தாள். "தூக்கினவர் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "உன்னைவிட முன்னுக்கு நிண்டனான். வடிவாக் கண்டனான்."

பிறகு ஏன் ஊர் முன்னால் அப்படிக் கேட்டீர்கள் என்றேன்.

"அண்டைக்கு அவர் பிள்ளையைக் காப்பாத்தினவர் எண்டு ஊர் சொல்லியிருந்தா, அடுத்த நாளே வண்ணக்கர் அவர்தான். பிறகு என்ர பிள்ளைக்கு என்ன இருந்தது? எனக்கு வேற வழி தெரியேல்லை."

சொல்லிவிட்டு அடுப்பைக் கூட்டி, திரும்பப் பயறைக் கிளறத் தொடங்கினாள். குரலில் கவலையோ வெட்கமோ இல்லை. கோயில் மதிலை ஏன் அந்த உயரத்தில் கட்டினாள் என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அன்றிலிருந்து அவளோடு ஒரே வீட்டில் படுத்தெழும்ப எனக்குப் பயமாக இருந்தது. அவள் எனக்கு ஏதும் செய்வாள் என்ற பயமில்லை. அந்த ஒரு பொய்யின்மேல் இத்தனையும் நிற்கிறது என்பது தெரிந்துவிட்ட பயம்.

பதினெட்டு வந்தது. பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும் என்றாள். பத்தொன்பதில் ஏழரைச் சனி என்றாள். பிறகு, கலியாணம் முடிக்காதவன் வண்ணக்கராக இருக்கிற வழக்கம் இல்லையென்று புதிதாக ஒன்றைச் சொன்னாள். மகன் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. முகத்தில் தாடி வந்திருந்தது. பட்டுடுத்தி, அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கு விபூதி கொடுத்தான்.

அந்த வருடம் நிலாவெளிப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டு, குச்சவெளி வீட்டையும் ஒருமுறை பார்த்து வருவோமென்று கரையோர பஸ்ஸில் போனேன். ஒரு முகத்துவாரப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது கீழே படகொன்று நின்றது. அதில் சித்தப்பா குந்தியிருந்தார். படகைச் சுற்றி ஒருவன் நீந்திக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கி மூச்செடுத்தபோது பார்த்தேன், எங்கள் மகன். டவுனில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன். மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் போய், பஸ் பாலத்தைக் கடக்குமட்டும் அவன் மேலே வரவில்லை. சித்தப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் நான் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் என்ன செய்வாளென்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சித்தப்பாவின் மனதில் என்ன இருக்கிறது என்பதும் தெரியவில்லை. ஊர் முன்னால் கொலைகாரன் என்று பேரெடுத்து, பதினான்கு வருடமாக வாயைத் திறக்காத மனிதர். அவருக்கு இந்தப் பிள்ளையில் அன்புதான் என்று சிலவேளை நினைப்பேன். வேறு சிலவேளை, பழி தீர்க்கத்தான் ஆழத்துக்கு அவனைப் பழக்குகிறாரோ என்று நினைப்பேன்.

திருவிழா கிட்டியபோது மகன் பேழையைத் தானே துடைக்கத் தொடங்கினான். எண்ணெய் பூசினான். ஒருநாள் என்னிடம், "சின்னம்மா, அப்பா எவடம் மட்டும் போறவர்?" என்று கேட்டான். கையை நெஞ்சில் வைத்துக் காட்டினேன். "அதுக்கங்கால?" என்றான். அதற்கங்கால் நிலமில்லை என்றேன். தலையாட்டினான்.

கடைசிக் காலை நல்ல சனம். கடல் தட்டையாகக் கிடந்தது. கரைக்குக் கொஞ்சம் வெளியே சித்தப்பாவின் படகு நின்றது. அவர் வருடா வருடம் அப்படித் தூரத்தில் நின்றுதான் கும்பிடுவார், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மகன் பேழையைத் தலையில் வைத்துக்கொண்டு மேளத்தோடு இறங்கினான். அக்கா மணலில் நின்றாள். அலை வந்து அவன் காலை நனைத்தது.

"காணும் மகன்" என்றாள் அக்கா.

அவன் நடந்தான். முழங்கால், இடுப்பு. "காணும்" என்று அவள் மறுபடி சொன்னாள். அவன் திரும்பவில்லை. மேளம் ஒவ்வொன்றாக நின்றது. நெஞ்சளவில் அவன் ஒரு கணம் நின்றான். காலால் விளிம்பைத் தேடுகிறான் என்று எனக்கு விளங்கியது. பிறகு இன்னோரடி வைத்தான். அவனும் பேழையும் இல்லை.

பேழை மேலே வந்தது. அவன் வரவில்லை.

அக்கா கத்தவில்லை, ஓடவில்லை. வீட்டு முற்றத்தில் நடப்பதுபோலத் தண்ணீருக்குள் நடந்தாள். அவளுக்கும் நீந்தத் தெரியாது. நான் பின்னால் ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்தபோது தண்ணீர் எங்களுக்கு மார்புக்கு வந்துவிட்டது. வெள்ளைச் சேலை சுற்றிவர மிதந்தது. படகில் சித்தப்பா எழுந்து நின்றார். குதிக்கவில்லை. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்தாள். இவ்வளவு காலம் அவர் இந்த ஒரு காலைக்காகக் காத்திருந்தார் என்றுதான் நானும் அந்தக் கணத்தில் நினைத்தேன்.

பேழைக்கு வெகு அங்கால் மகனின் தலை எழும்பியது. முடியைக் கையால் வழித்துவிட்டுப் பேழையை நோக்கி நீந்தினான். அதை முன்னால் தள்ளிக்கொண்டு அவசரமில்லாமல் வந்து, நிலம் தட்டுப்பட்டதும் எழுந்து நின்று, திரும்பத் தலையில் வைத்தான். எங்களுக்குக் கிட்டவந்து நின்றான்.

"கரைக்குப் போங்கோ அம்மா. இனி நான் பாக்கிறன்."

அக்கா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "நீச்சல் ஆர் பழக்கினது?" என்று கேட்டாள்.

"சித்தப்பா" என்றான். பிறகு, கரையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "அண்டைக்கு என்னைத் தூக்கினவரும் அவர்தானே. தண்ணிக்குள்ள நிண்டது நான் அம்மா" என்றான்.

அவனுக்குத் தெரிந்தேயிருந்திருக்கிறது. ஆறு வயதிலிருந்து, அவள் மடியில் இருந்த காலம் முழுவதும், அவள் தீத்திய ஒவ்வொரு பிடி சோற்றோடும். எவருக்கும் சொல்லவில்லை. பூசகர்தான் முதலில் அரோகரா என்றார். அதைத் தொடர்ந்து சனமும் சொன்னது.

தான் மேலே வருமட்டும் என்ன நடந்தாலும் குதிக்கக்கூடாது என்று மகன் சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தான் என்பதைப் பிறகு பூசகர் சொல்லித்தான் அறிந்தேன். படகின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்க அவரால் வெகுநேரம் ஏலாமல் இருந்ததாம். மகனே போய்ப் படகைக் கரைக்கு இழுத்துவந்தான்.

அடுத்த நாள் காலை அக்கா கோயில் சாவிகள் கிடந்த திறப்புக் கோர்வையை மகனின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் கும்பிட்டு எடுத்துக்கொண்டான். அந்தக் கிழமையே அவள் குச்சவெளி வீட்டைத் திறந்து கூட்டித் துடைத்து அங்கே போய்விட்டாள். நானும் போனேன். இங்கிருந்து மூதூருக்கு விடிய முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் அவளைத் தனியே விட மனம் வரவில்லை. ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடலுக்குள் அவள் நடந்த நடை கண்ணுக்குள் நிற்கிறது. நான் கையைப் பிடித்திராவிட்டால் அவள் நின்றிருக்க மாட்டாள்.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அவள் தேநீர் கொடுப்பாள், கோயிலைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டாள். போன வருடம் அவனுக்குக் கலியாணம் நடந்தது. பெண்ணைச் சித்தப்பா பார்த்துக் கொடுத்தார். அக்கா வந்து முன்வரிசையில் இருந்தாள். சித்தப்பா கிட்ட வந்தபோது எழுந்து நின்றாள். இருவரும் பேசவில்லை. அவர் மகனிடம் கொடுத்துவிடும் கருவாட்டை அவள் வாங்கிச் சமைக்கிறாள்.

இப்போது வேறொன்று தொடங்கியிருக்கிறது. கடல் கரையைத் தின்கிறது. பூவரசு இரண்டு விழுந்துவிட்டது. போன மாரியில் அக்கா கட்டிய சுற்றுமதிலின் கடற்பக்கம் இடிந்தது. கோயிலை உள்ளே தள்ளி, பழைய கிணற்றடிப் பக்கம் புதிதாகக் கட்டவேண்டும் என்று மகன் முடிவெடுத்திருக்கிறான். ராணி ஒதுங்கிய இடத்தை விட்டு எடுக்கக்கூடாது என்று ஊரில் பாதி. அவர்களில் சிலர் பழங்களோடு குச்சவெளிக்கு வந்தார்கள். நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும், ஊர் உங்கள் பக்கம் நிற்கும் என்றார்கள். பொடியனுக்கு அனுபவம் இல்லை என்று ஒருவர் சொன்னார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். அவளுடைய முதுகு நிமிர்ந்ததை நான் கண்டேன். மண்டபத்தில் கதிரையில் இருந்த காலத்து நிமிர்வு அது. திரும்பவும் கோயிலுக்குப் போய்விடுவாளோ என்று நினைத்தேன்.

"வண்ணக்கரைக் கேளுங்கோ" என்றாள்.

அவர்கள் போனபிறகு முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, கிணற்றடிப் பக்கம் மாரியில் தண்ணீர் நிற்கும், நிலம் இறங்கும், அங்கே அத்திவாரம் போட்டால் தாங்காது என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். அவனிடம் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம், தான் சொல்லியனுப்பியதாக நினைப்பான் என்றாள்.

அடுத்த நாள் நான் அவளுக்குத் தெரியாமல், அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல மகனுக்குப் போன் எடுத்தேன். அத்திவாரம் வெட்டியாகிவிட்டது, கல்லும் போட்டாயிற்று என்றான். வானம் வடகிழக்கில் இருட்டிக்கொண்டு வருகிறது, மழைக்கு முன் சுவரை எழுப்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, நான் சொல்ல வந்ததைக் கேட்காமல் அவசரமாகப் போனை வைத்தான்.